கோடைக்கு ஒரு லேஸ் பண்டானா: குரோஷா போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போன ஏப்ரலில் வெள்ளை நூலில், குரோஷாவில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) ஒரு பண்டானா போட்டு, அதைத் தலையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் நிறுத்தம் வருவதற்குள் நான்கு கேள்வி கேட்டுவிட்டார். அப்புறம் மாடி வீட்டு அக்கா, அலுவலகத் தோழி, அவளுடைய கல்லூரி போகும் மகள் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

பண்டானான்னா என்ன அக்கா? பெரிய கர்ச்சீஃப்தானே?

கிட்டத்தட்ட அதுதான். கடையில் விற்கும் பண்டானா சதுரத் துணி. அதை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கித் தலையிலோ கழுத்திலோ கட்டுவார்கள். நாம் போடுவது முதலிலேயே முக்கோணம். மடிப்பு இல்லை, ஒரே அடுக்கு. நீளமான பக்கம் நெற்றிக்கு மேலே முடியோரத்தில் உட்காரும். கூர்முனை பின்னந்தலையில் தொங்கும். இரண்டு பக்க நாடாவையும் கூந்தலுக்கு அடியில் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

சொல் நம் பக்கத்துச் சொல்தான். இந்தியில் ‘பாந்த்னா’ என்றால் கட்டுவது. துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் தோய்த்த கைக்குட்டைகள் 18-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனபோது பெயரும் கூடவே போனது. மதுரைச் சுங்கடியும் அதே கட்டுச் சாய வேலைதான்.

துணியே இருக்கும்போது நூல்ல எதுக்குப் போடணும்? நிஜமாவே குளுகுளுன்னு இருக்குமா?

குளுகுளு என்று இருக்காது. அப்படிச் சொல்லி யாரையும் ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. மடித்துக் கட்டிய கைக்குட்டை இரண்டு அடுக்கு. வியர்வை அதில் ஊறி, காற்றுப் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். கட்டம் கட்டமாக விட்டுப் போட்ட பருத்தி நூல் முடியை முகத்தில் விழாமல் பிடித்துக்கொள்ளும், வியர்வையும் உடனுக்குடன் காயும். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் இந்த வித்தியாசம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் வெயிலுக்கு இது மறைப்பு அல்ல. ஓட்டை வழியே வெயிலும் வரும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் வெளியே போனால் குடையோ தொப்பியோ கட்டாயம் வேண்டும்.

எனக்குக் குரோஷாவே தெரியாது. முதல் வேலையா இதைப் போடலாமா?

போடலாம். செயின், ஸ்லிப், சிங்கிள், டபுள், ட்ரெபிள் என்று ஐந்து தையல் தெரிந்தால் போதும். ஐந்தும் ஒரே கைவேலையின் சிறிதும் பெரிதுமான வடிவங்கள்தான். முதல் வாரம் தடித்த பருத்தி நூலிலும் பெரிய ஊசியிலும் கைக்குட்டை அளவுக்குத் துண்டுகளாகப் போட்டுப் பழகுங்கள். மெல்லிய நூலில் தொடங்கினால் எந்த இடத்தில் ஊசியை நுழைப்பது என்பதே கண்ணுக்குத் தெரியாது. பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

கறுப்பு, கருநீலம் வேண்டாம். இளம் நிறத்தில் தொடங்குங்கள். மடியில் அடர்நிறத் துணி ஒன்றை விரித்துக்கொண்டால் வெள்ளை நூலின் ஓட்டைகள் தெளிவாகத் தெரியும்.

நிட்டிங்கும் இதும் ஒண்ணுதானா? நாகர்கோவில் லேஸ்னு சொல்வாங்களே, அது இதுவா?

மூன்றும் வேறு வேறு. நிட்டிங்கில் இரண்டு ஊசி இருக்கும், ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும், அதாவது நூல் வளையங்களும், ஊசியில் உயிரோடு நிற்கும். குரோஷாவில் கொக்கி வைத்த ஒரே ஊசி, பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். அதனால் பாதியில் கை தவறினாலும் பெரிய சேதமில்லை. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் உட்கார்ந்து போட இதைவிட வசதியான கைவேலை எனக்குத் தெரியாது.

நாகர்கோவில் லேஸ் தலையணை மீது குண்டூசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது. குரோஷா லேஸுக்குப் பெயர் போன ஊர் ஆந்திரத்தின் நர்சாபூர். கோதாவரிக் கரையில் வீட்டுக்கு வீடு பெண்கள் போடுவார்கள். 2024-இல் நர்சாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எந்த நூல் வாங்கட்டும்? கடையில கேட்டா கம்பளி நூல் மாதிரி ஒண்ணு தர்றாங்க.

அது பெரும்பாலும் அக்ரிலிக். குளிருக்கு நல்லது, மே மாதத் தலைக்கு ஆகாது. லேபிளில் ‘100% காட்டன்’ என்று இருக்க வேண்டும். லேபிள் இல்லாத உண்டையாக இருந்தால், ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியால் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

அடுத்தது தடிமன். குரோஷா நூலில் எண் கூடினால் நூல் மெலியும், 20-ஆம் எண் நூல் 10-ஆம் எண்ணைவிட மெல்லியது. பண்டானாவுக்கு 10 சரியாக இருக்கும். நிட்டிங் காட்டன் என்று விற்கும் நாலு இழை நூல் பழகுவதற்கு நல்லது, ஆனால் பண்டானா கனமாகி நெற்றிப் பக்கமாக வழியும். தையல் மெஷின் நூல் வேண்டாம். அதை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் போட்டால்கூட இழை பிரிந்து ஊசியில் சிக்கும்.

உருண்டையில ‘மெர்சரைஸ்ட்’னு போட்டிருக்கு. கெமிக்கலா? தலையில படலாமா?

தாராளமாகப் படலாம். 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை உப்பி உருண்டையாகிறது, சாயம் நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தார். பிறகு இழுத்துப் பிடித்த நிலையில் அதே வேலையைச் செய்தபோது பளபளப்பும் வந்தது. அந்தச் சோடாவை ஆலையிலேயே கழுவி எடுத்துவிடுவார்கள். நூலின் மேல் பூச்சு எதுவும் நிற்காது, இழையின் வடிவம்தான் மாறியிருக்கும்.

நான் மெர்சரைஸ்ட் நூலையே வாங்குகிறேன். தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். சாதாரணப் பருத்தி தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் பஞ்சு எழும்பி ஓட்டைகள் மங்கிவிடும்.

ஊசி எத்தனாம் நம்பர்?

நம்பரை நம்பாதீர்கள். மெல்லிய எஃகு ஊசிகளின் எண்கள் நாட்டுக்கு நாடு வேறு. மி.மீ. கணக்கைப் பாருங்கள். 10-ஆம் எண் நூலுக்கு வழக்கமாக 1.5 அல்லது 1.75 மி.மீ. ஊசி போடுவார்கள். மேசை விரிப்பு விறைப்பாக நிற்க அது தேவை. தலையில் கட்டுவது தொய்ந்து விழ வேண்டும். அதனால் இதற்கு 2.25 அல்லது 2.5 மி.மீ. எடுங்கள்.

இழுத்து இறுக்கிப் போடுவது பலருடைய பழக்கம். நல்ல வேலை என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வயர் கூடை பின்னியதிலிருந்து வந்ததோ என்னவோ. இங்கே கையைத் தளர்த்துங்கள். கண்ணி ஊசியின் மேல் தடையில்லாமல் நகர வேண்டும். நகரவில்லை என்றால் இன்னும் கால் மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள்.

புத்தகத்துல ‘டபுள்’ போடச் சொன்னபடி போட்டா குட்டையா வருது. வீடியோவில நெட்டையா இருக்கு. நான் என்ன தப்பு பண்றேன்?

நீங்கள் தப்பே பண்ணவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரே தையலுக்கு வேறு வேறு பெயர். அமெரிக்கர்கள் சிங்கிள் என்பது பிரிட்டனில் டபுள். அமெரிக்கர்களின் டபுள் பிரிட்டனில் ட்ரெபிள். அவர்களுடைய ட்ரெபிள் இவர்களுக்கு டபுள் ட்ரெபிள். கான்வென்டில் கற்ற என் பெரியம்மா ட்ரெபிள் என்று சொன்னதை நான் இரண்டு வருடம் தவறாகப் புரிந்துகொண்டு போட்டேன். ஒரு குறிப்பில் ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தாலே அது அமெரிக்க முறை என்று தெரிந்துகொள்ளலாம், பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் கிடையாது.

இங்கே நான் எழுதுவது அமெரிக்கப் பெயர்கள். ‘வாங்குவது’ என்றால் நூலைக் கொக்கியில் மாட்டி, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாக இழுப்பது. செயின்: ஊசியில் இருக்கும் ஒரு கண்ணி வழியாக நூலை வாங்குவது. ஸ்லிப்: ஊசியை நுழைத்து நூலை இழுத்து, அதே இழுப்பில் ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் வாங்கிவிடுவது. சிங்கிள்: ஊசியை நுழைத்து நூலை இழுத்து, இரண்டு கண்ணியையும் ஒன்றாக வாங்குவது. டபுள்: முதலில் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நுழைத்து இழுத்து, இரண்டிரண்டாக இரண்டு முறை வாங்குவது. ட்ரெபிள்: இரண்டு சுற்று, மூன்று முறை வாங்குவது.

சரி, போடறது எப்படி? முதல்ல இருந்து முழுசா சொல்லுங்க.

கூர்முனையிலிருந்து தொடங்கி மேலே போகிறோம். 7 செயின் போடுங்கள். இதில் முதல் செயின் அடித்தளம், அடுத்த 4 ஒரு தூண், கடைசி 2 இடைவெளி. இப்போது அந்த முதல் செயினிலேயே ஒரு ட்ரெபிள் போடுங்கள். இரண்டு தூணும் நடுவில் ஒரு கட்டமும் கிடைத்துவிட்டன. இது முதல் வரிசை.

வேலையைத் திருப்புங்கள். 6 செயின் போடுங்கள், 4 தூணுக்கு, 2 இடைவெளிக்கு. அந்தச் செயின் முளைத்த அதே இடத்தில், அதாவது முதல் தூணின் தலையில், ஒரு டபுள். பிறகு 2 செயின், அடுத்த தூணின் தலையில் ஒரு டபுள். இப்படியே கடைசித் தூண் வரை போங்கள். கடைசித் தூண் என்பது போன வரிசையின் தொடக்கச் செயின், அதில் 4-ஆவது செயினில் ஊசியை நுழைக்க வேண்டும். அங்கே டபுள் போட்டபின் 2 செயின், மறுபடி அதே இடத்தில் ஒரு ட்ரெபிள். வரிசை முடிந்தது. இனி எல்லா வரிசையும் இதேதான்.

ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டம் கூடும். 1, 3, 5, 7, 9 என்று போகும். கோலம் போடுபவர்களுக்கு இது பழகிய கணக்கு. நேர்ப்புள்ளியில் 7-இலிருந்து 1 வரை குறைத்துக்கொண்டே வைப்போமே, அதைத் தலைகீழாக வைத்தது போல.

எத்தனை வரிசை போடணும்? என் தலைக்கு அளவு எப்படி எடுக்கறது?

அளவு டேப்பை ஒரு காதின் பின்பக்கத்திலிருந்து முன்முடி வழியாக மறுகாதின் பின்பக்கம் வரை வையுங்கள். எனக்கு 42 செ.மீ. வந்தது. நனைத்து விரிக்கும்போது லேஸ் கொஞ்சம் அகலும் (அதைக் கீழே சொல்கிறேன்), அதனால் 40 செ.மீ. வந்ததும் நிறுத்திவிட்டேன். அது 27-ஆம் வரிசை, 53 கட்டம். விரித்தபின் என் கட்டம் ஒவ்வொன்றும் 8 மி.மீ., முக்கோணத்தின் ஆழம் 21 செ.மீ. சொச்சம்.

உங்கள் கை வேறு, கட்டமும் வேறு அளவில் வரும். பத்து வரிசை போட்டதும் ஈரத் துணியால் ஒற்றி விரித்து ஒரு கட்டத்தை அளந்துகொள்ளுங்கள். வேண்டிய நீளத்தைக் கட்ட அளவால் வகுத்து, ஒன்று கூட்டி, பாதியாக்கினால் வரிசை எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக 36 செ.மீ. போதும் என்கிற சின்னத் தலைக்கு 8 மி.மீ. கட்டத்தில் 45 கட்டம், அதாவது 23 வரிசை.

வெறும் வலை மாதிரி இருக்கே. நடுவுல பூ வர்றது எப்படி?

இரண்டு தூணுக்கு இடையில் 2 செயினுக்குப் பதிலாக 2 டபுள் போட்டால் அந்தக் கட்டம் நிரம்பிவிடும். கீழ் வரிசையின் ஓட்டைக்குள் ஊசியை விட்டு அந்த 2 டபுளையும் போடுங்கள். நிரம்பிய கட்டமும் திறந்த கட்டமும் சேர்ந்து எந்த உருவத்தையும் கொண்டுவரும். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் கறுப்பாக்கிப் பார்த்துக்கொண்டால் போதும்.

நான் போடும் சின்னப் பூ இதுதான். 5-ஆம் வரிசையில் 9 கட்டம் இருக்கும், நடுவே உள்ள 5-ஆவதை மட்டும் நிரப்புங்கள். 6-ஆம் வரிசையின் 11 கட்டத்தில் நடுக்கட்டத்தைத் திறந்து விட்டு, அதற்கு இரு பக்கமும் உள்ள 5-ஆவது, 7-ஆவது கட்டங்களை நிரப்புங்கள். 7-ஆம் வரிசையில் மறுபடி நடுக்கட்டம் மட்டும், அங்கே அது 7-ஆவது. நான்கு இதழும் நடுவில் ஒரு ஓட்டையும் வரும். மேலே போகப்போகப் பக்கத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். மொத்தத்தில் ஏழெட்டுப் பூவுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஆசையில் ஒருமுறை பாதிக் கட்டங்களை நிரப்பிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது, கட்டினால் வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அதைப் பூஜை அறைத் தட்டுக்கு மேல்மூடியாக வைத்துவிட்டேன்.

ஒரு பக்கம் சரியா ஏறுது, இன்னொரு பக்கம் நேரா நிக்குது. முக்கோணம் கோணலாகுதே!

வரிசைக் கடைசியில் அந்தத் தொடக்கச் செயினைத் தூணாக எண்ணாமல் விடுகிறீர்கள். மெல்லிய நூலில் அது பக்கத்து ஓரம் போலத் தெரியும், தூண் போலத் தெரியாது. 4-ஆவது செயினைத் தேடுவது கஷ்டமாக இருந்தால், போடும்போதே அதில் ஒரு வேறு நிற நூல்துண்டைச் செருகி வையுங்கள். ஒரு வாரத்தில் அடையாளம் இல்லாமலே கண்ணுக்குப் பிடிபடும்.

சரிபார்க்க எளிய கணக்கு: வரிசை எண்ணை இரண்டால் பெருக்கினால் தூண்களின் எண்ணிக்கை. 12-ஆம் வரிசையில் 24 தூண் இருக்க வேண்டும். ஐந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணிவிடுங்கள். 20-ஆம் வரிசையில் தப்பைக் கண்டுபிடித்துப் பிரிக்கும் வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

ஓரம் இறுகி நடுப்பக்கம் கூடாரம் மாதிரி தூக்குதே, ஏன்?

ஓரத் தூண் சாய்வாகப் போகிறது. நேராக நிற்கும் தூணைவிட அது அதிகத் தூரம் எட்ட வேண்டும். அதனால்தான் ஓரத்தில் மட்டும் டபுளுக்குப் பதில் ட்ரெபிளும், 3-க்குப் பதில் 4 செயினும் சொன்னேன். பழக்கத்தில் ஓரத்திலும் டபுளே போட்டிருந்தால் ஓரம் இழுத்துப் பிடிக்கும். சரியாகப் போட்டும் தூக்கினால் உங்கள் செயின் இறுக்கம் என்று பொருள். வரிசைத் தொடக்கத்தில் 6-க்குப் பதில் 7 செயின் போட்டுப் பாருங்கள். அப்படிச் செய்தால் அடுத்த வரிசையில் 5-ஆவது செயினில் நுழைக்க வேண்டும்.

நாடாவும் கரையும் எப்படிப் போடறது? என் நாடா முறுக்கிக்கிட்டு கயிறு மாதிரி ஆகுது.

கடைசி வரிசை முடிந்ததும் நூலை அறுக்காதீர்கள். அங்கிருந்தே 25 செ.மீ. நீளத்துக்குச் செயின் போட்டு, திருப்பி, ஒவ்வொரு செயினிலும் ஒரு ஸ்லிப் போட்டுக்கொண்டு முக்கோணத்துக்கு வாருங்கள். அப்படியே மேல் ஓரம் முழுக்க சிங்கிள்: தூணின் தலையில் ஒன்று, கட்டத்துக்கு இரண்டு. 53 கட்டத்துக்கு 160 சிங்கிள் வரும். மறுமுனை வந்ததும் இன்னொரு 25 செ.மீ. செயின், மறுபடி ஸ்லிப்பில் திரும்புங்கள். மேல் ஓரத்தில் இந்த சிங்கிள் வரிசையைத் தவிர்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் இரண்டு நாளில் முன்பக்கம் தொளதொளவென்று ஆகிவிடும்.

நாடா முறுக்கிக்கொள்வது ஸ்லிப் இறுக்கமாக இருப்பதால். செயினின் முன்பக்க இழையில் போடாமல், திருப்பிப் பார்த்தால் பின்னால் தெரியும் சின்ன மேட்டில் ஊசியை நுழைத்துப் போடுங்கள், தட்டையாக இருக்கும். பிறகு இரண்டு சாய்ந்த ஓரத்துக்கும் கரை: ஒவ்வொரு வரிசை முனையிலும் 2 சிங்கிள், 3 செயின் போட்டு அதே சிங்கிளின் தலையில் ஒரு ஸ்லிப், மறுபடி 2 சிங்கிள். சின்ன மணி போல ஒரு முத்து நிற்கும். கூர்முனையில் மட்டும் 2 சிங்கிள் கூடுதலாகப் போட்டால் முனை வளையாது.

ஒரே ஒரு உண்டைதான் இருக்கு. பாதி வரிசைக்கு மேல வந்துட்டேன், போதுமா?

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பாதி வரிசை என்றால் பாதி நூல் அல்ல. 1, 3, 5 என்று கூடும் கட்டங்களை வரிசை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வரிசை எண்ணின் வர்க்கம் வரும். 27 வரிசைக்கு மொத்தம் 729 கட்டம். 13-ஆம் வரிசை முடியும்போது 169 கட்டம்தான் ஆகியிருக்கும், கால் பங்குகூட இல்லை. 19-ஆம் வரிசையில் 361. அங்கேதான் உண்மையான பாதி.

சமையலறைத் தராசு இருந்தால் கவலையே வேண்டாம். என் பண்டானா முடிந்தபின் 18 கிராம் இருந்தது. நாடாவுக்கும் கரைக்கும் கால் பங்கை ஒதுக்கிவிடுங்கள். உண்டை 20 கிராம் என்றால் 5 கிராம் அதற்கு, 15 வலைக்கு. வலைக்குரிய நூலில் பாதி தீர்ந்ததும், அதாவது உண்டை 12 அல்லது 13 கிராமுக்கு வந்ததும், எத்தனையாவது வரிசை என்று பாருங்கள். அதை 1.4-ஆல் பெருக்கினால் மொத்தம் எத்தனை வரிசை போக முடியும் என்று தெரியும். 15-இல் பாதி தீர்ந்தால் 21 வரிசையோடு நிறுத்த வேண்டியதுதான், அல்லது மேல்பக்கம் வேறு நிறம் சேர்க்கலாம்.

நூல் தீர்ந்து புது நூல் சேர்க்கும்போது முடிச்சுப் போடலாமா?

வேண்டாம். ஓட்டை வேலையில் முடிச்சு கண்ணை உறுத்தும், தோய்க்கத் தோய்க்க அவிழ்ந்தும் விடும். பழைய நூலில் ஒரு டபுளின் கடைசி வாங்கலை மட்டும் புது நூலால் வாங்குங்கள். இரண்டு நுனியையும் 10 செ.மீ. விட்டு, முடிந்தபின் மழுங்கின ஊசியில் கோத்து, நிரப்பிய பூவுக்குள்ளோ மேல் ஓரத்து சிங்கிளுக்குள்ளோ போய்த் திரும்பி வரும்படி ஒளித்துவிடுங்கள்.

முடிச்சாச்சு. ஆனா கசங்கின கந்தை மாதிரி இருக்கு. படத்துல மாதிரி விரியவே இல்லையே?

இப்போதுதான் முக்கால் வேலை முடிந்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி எடுங்கள். தெர்மோகோல் பலகை மேல் வெள்ளைத் துண்டை விரித்து, முதலில் நீளப் பக்கத்தை அளவு வைத்து நேராக்கிக் குண்டூசி குத்துங்கள். பிறகு கூர்முனை. அதற்கப்புறம் ஓரத்து முத்துக்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் குத்துங்கள். துரு ஏறாத குண்டூசியாக இருக்கட்டும். காயும் வரை தொடாதீர்கள். நிழலில் மின்விசிறிக்கு அடியில் வைத்தால் இரவுக்குள் காய்ந்துவிடும். குண்டூசியை எடுக்கும் அந்த நிமிடத்துக்காகவே இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். அத்தனை ஓட்டையும் சதுரமாக நிற்கும்.

கஞ்சி போடலாமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். பண்டானா தொய்ந்து விழ வேண்டியது, விறைத்தால் தலையில் கூம்பு போல நிற்கும். ஓரம் சுருளுகிறது என்றால் மட்டும், வடிகட்டிய கஞ்சியில் ஒரு கரண்டியை ஒரு சொம்பு தண்ணீரில் கலந்து நனைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்த் தலை எனக்கு. எப்படித் தோய்க்கிறது? சாயம் போகுமா?

வியர்வை காய்ந்து உப்புப் பூத்துவிடுவதற்குள் அன்றைக்கே அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குக் குளியல் சோப்பு அல்லது ஷாம்பு இரண்டு சொட்டுப் போதும். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். சீயக்காய்ப் பொடி வெள்ளையைப் பழுப்பாக்கும். மெஷினில் போட்டே ஆக வேண்டும் என்றால் வலைப்பைக்குள் போடுங்கள். கொடியில் நாடாவைப் பிடித்துத் தொங்கவிட்டால் நீளமாக இழுபடும், விரித்துப் போட்டு நிழலில் காயவிடுங்கள்.

அடர்நிற நூலாக இருந்தால், போடத் தொடங்கும் முன்பே ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பதை நம்பி இறங்க வேண்டாம்.

கட்டினா அஞ்சு நிமிஷத்துல வழுக்கிப் பின்னாடி போயிடுது.

வழுவழுப்பான முடி உள்ளவர்களுக்கு இது நடக்கும். நாடாவைக் கூந்தலுக்கு மேலே கட்டாமல், கூந்தலைத் தூக்கி அடியில், கழுத்துக் குழிக்கு மேலே கட்டுங்கள். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹேர்பின்னைக் கட்டத்துக்குள் நுழைத்து மேல் ஓரத்தோடு சேர்த்துக் குத்துங்கள். ஓட்டை வேலையில் பின் தெரியவே தெரியாது.

ஹெல்மெட்டுக்குள்ள கட்டிக்கலாமா?

வலை மெல்லியதுதான், முடிச்சுதான் தொந்தரவு. ஹெல்மெட்டுக்குள் முடிச்சு அகப்பட்டால் தலையை அழுத்தும், ஹெல்மெட்டும் சரியாக உட்காராது. முடிச்சு ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே கழுத்தில் வருகிற மாதிரி, நாடாவை 25-க்குப் பதில் 32 செ.மீ. போடுங்கள். இதற்கென்று போடும்போது பூவும் வேண்டாம், கரையில் முத்தும் வேண்டாம். போட்டபின் ஹெல்மெட் முன்பு போலவே இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பண்டானாவை எடுத்துவிடுங்கள்.

என் பொண்ணுக்கு ஒரு வயசு. குட்டியா ஒண்ணு போடலாமா?

நாடா வைத்து வேண்டாம். கைக்குழந்தையின் கழுத்துப் பக்கம் கயிறும், விரல் மாட்டும் ஓட்டையும் ஆபத்து. படம் எடுக்கும் இரண்டு நிமிடத்துக்கு, கையெட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கும்போது மட்டும் வைத்து எடுத்துவிடுங்கள், தூங்கும்போது ஒருபோதும் கூடாது. ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 23 வரிசைக் கணக்கு மேலே இருக்கிறது.

நான் இடது கைக்காரி. எல்லாம் தலைகீழா வருமே?

குறிப்பு ஒரு எழுத்துகூட மாறாது. நீங்கள் இடமிருந்து வலமாகப் போவீர்கள், அவ்வளவுதான். பூவும் இரு பக்கமும் ஒத்து இருப்பதால் வித்தியாசமே தெரியாது. கற்றுத்தருபவர் வலது கைக்காரராக இருந்தால் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல அவர் கை உங்கள் கையாகத் தெரியும்.

ஒண்ணு போட எவ்வளவு நேரமாகும்? வித்தா என்ன விலை சொல்லலாம்?

எனக்கு இப்போது ஒன்பது மணி நேரம், முதல் தடவை அதைப்போல இரண்டு மடங்கு ஆனது. நூல் செலவு சொற்பம். நேரத்துக்குத்தான் விலை. அதைச் சொல்லத் தயங்குகிறோம். நர்சாபூரில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து போட்ட லேஸ் கடல் கடந்து போனது. அவர்கள் கைக்கு வந்தது துண்டுக் கணக்கில் கொடுத்த சொற்பக் கூலி. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் போடுவதுதானே’ என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே வாக்கியத்தை நானும் கேட்டிருக்கிறேன்.

உங்கள் ஊரில் ஒரு மணி நேரத் தையல் வேலைக்கு என்ன தருவார்களோ அதை ஒன்பதால் பெருக்குங்கள், நூலையும் சேருங்கள். அந்தத் தொகை அதிகம் என்று வாங்குபவர் சொன்னால் பேரம் பேசி இறக்காதீர்கள். பூவும் முத்தும் இல்லாமல் 20 வரிசையில் கழுத்துக்குச் சின்னதாக ஒன்று போட்டுத்தர முடியும் என்று சொல்லுங்கள். 20 வரிசைக்கு 400 கட்டம்தான். மேலே சொன்ன வர்க்கக் கணக்குப்படி வலை வேலை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அதெல்லாம் இருக்கட்டும் அக்கா, எனக்கு ஒண்ணு நீங்களே போட்டுத் தந்துடுங்களேன்?

2.5 மி.மீ. ஊசி ஒன்றும், 10-ஆம் எண் வெள்ளை நூல் ஓர் உண்டையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வா. முதல் ஐந்து வரிசையைப் பக்கத்தில் உட்கார்ந்து போடவைக்கிறேன். அதற்குள் அந்த 4-ஆவது செயின் உன் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.